பம்புக்காரர் செய்த கேமராப் பெட்டி

தண்ணீருக்குள் படம் எடுக்கக் கையடக்கமான ஒரு கேமரா வேண்டும், அது நனையாமல் இருக்க ஒரு பெட்டி வேண்டும், பிறகு நீந்தத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் இதெல்லாம் ஒன்றாக வாய்த்தது. கேமரா, அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த என் நாத்தனார் மகன் விட்டுவிட்டுப் போனது. பெட்டி, என் வீட்டுக்காரர் செய்தது. நீந்தத் தெரிந்த ஆள் நான்.

ஃபிலிம் போடாத கேமராவைப் பெரியநாயக்கன்பாளையத்தில் அப்போது யார் பார்த்தார்கள்? சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. பின்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு திரை. பட்டனை அழுத்தினால் சற்று யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கும். எடுத்ததை உள்ளே சேர்த்து வைக்க இன்னும் கொஞ்சம் யோசிக்கும். பேட்டரியை டீ குடிப்பதுபோலக் குடிக்கும். ஒர்க்‌ஷாப் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்று, அந்தத் திரையில் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்காரருக்கு அங்கே சப்மெர்சிபிள் பம்பு செய்கிற சிறிய ஒர்க்‌ஷாப். கிணற்றுத் தண்ணீருக்கு அடியிலேயே கிடந்து ஓடுகிற மோட்டார்கள் அவை. காலமெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிற சாமான் செய்தவர், தான் ஒருநாளும் தண்ணீரில் இறங்கியதில்லை. சின்ன வயதில் கிணற்றில் தவறி விழுந்தவரைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து கிணற்று மேட்டில் இரண்டடி தள்ளித்தான் நிற்பார். மோட்டார் இறக்கும்போது கயிற்றைப் பார்ப்பார், பைப்பைப் பார்ப்பார், தண்ணீரை மட்டும் பார்க்க மாட்டார்.

நான் ஆனைமலைப் பக்கத்துப் பெண். வாய்க்கால் பாசனம் இருந்ததால் எங்கள் கிணறு வருஷத்தில் பாதி நாள் தளும்பிக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன்களோடு அதில்தான் கிடப்பேன். கல்யாணமான புதிதில் அம்மா வீட்டு விருந்துக்குப் போனபோது, பழைய நினைப்பில் மோட்டார் ரூம் சுவரிலிருந்து குதித்துவிட்டேன். மேலே வந்து பார்த்தால், அவர் முகம் வெளுத்துப் போய் வரப்பில் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் படியேறி வந்தேன். அதற்குப் பிறகு நான் எந்தத் தண்ணீரிலும் நீந்தவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார். "உள்ள போயி கண்ணத் தொறந்தா என்னதான் அம்மிணி தெரியும்?"

"சொன்னாப் புரியாதுங்க. பாத்தாத்தான் தெரியுமுங்க" என்றேன்.

அந்தப் பதில் இத்தனை வருஷமாக அவர் மனசிலேயே கிடந்திருக்கிறது. கேமரா கைக்கு வந்த அன்று, அதை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு ஒரு பொட்டி செஞ்சுபோட்டா, நீ உள்ள பாக்கறத நானு கரையில உக்காந்தே பாத்துக்கலாமல்லோ?"

அந்த ஆசைக்காகத்தான் இவ்வளவும். கடலுக்குள் படம் எடுத்துப் பேர் வாங்க வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. அவர் ஒருதடவை உள்ளே பார்த்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பெட்டி செய்ய ஆரம்பித்தார். ஐந்து பக்கம் கண்ணாடிபோன்ற தடித்த அக்ரிலிக், ஆறாவது பக்கம் அலுமினிய மூடி, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே பம்பில் போடுகிற ரப்பர் ஓ ரிங், சுற்றிலும் போல்ட். பட்டனை அமுக்க வெளியிலிருந்து ஒரு கம்பி, அந்தத் துளையில் தண்ணீர் ஏறாமல் இருக்க ஆயில் சீல். தலையில் ஒரு பித்தளை பிளக், மோட்டாரில் போடுகிற அதே பிளக். அதைக் கழற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, தொட்டியில் அமுக்கி, பஞ்சர் கடையில் பார்ப்பதுபோலக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். ஓ ரிங்கில் ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீர் ஏறிவிடும் என்று, பெட்டியை மூடும்போது என்னைப் பக்கத்திலேயே விட மாட்டார். அந்தப் பெட்டி இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவர் இருந்தவரை அதை அவர்தான் துடைப்பார். இப்போது நான் துடைக்கிறேன்.

முதல் சோதனை பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில். நான் கடைசிப் படியில் உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டிப் பெட்டியை அமுக்கினேன். நெட்டிபோல மேலே வந்து நின்றது. அடியில் இரும்புத் துண்டு கட்டிக்கட்டி, விட்டால் முங்காமலும் மிதக்காமலும் நிற்கிற அளவுக்கு எடையைக் கொண்டுவந்தார். எடுத்த படத்தில் பச்சை நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பிளாஷ் போட்டு எடுத்தால் தண்ணீரில் மிதக்கிற தூசியெல்லாம் மாவு தூவியதுபோல வெள்ளையாக வந்தது. பிளாஷை அணைத்துவிட்டு உச்சி வெயிலில் எடுத்தபோதுதான் கிணற்றுச் சுவர்க் கல் தெரிந்தது. கண்ணாடியில் ஆவி படிந்ததற்கு, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டேன். ஈரத்தை அது இழுத்துக்கொண்டது.

"கல்லுதான் தெரியுது" என்றார் திரையைப் பார்த்து.

"கெணத்துல கல்லுதானுங்க இருக்கும்."

"அப்பறம் எதுக்கு அத்தன நேரம் உள்ளயே கெடப்பே?"

சிரித்துவிட்டுப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் மாலத்தீவிலிருந்து தகவல் வந்தது. அங்கே ஒரு குட்டித் தீவில் இருக்கும் தங்கும் விடுதிக்கு எங்கள் பம்பு போயிருந்தது. மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற தரைத் தொட்டியிலிருந்து மேலே ஏற்ற. ஒன்று எரிந்தது, மாற்றிப் போட்டார்கள், அடுத்ததும் எரிந்தது. எங்கள் பம்புக்கு அப்படி ஒரு பேர் வந்ததே இல்லை என்று அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நேரில் போய்ப் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவாயிற்று. "நீயும் வா. பொட்டியும் வரட்டும்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு கொடுமுடிக்கும் பழனிக்கும் தவிர நாங்கள் சேர்ந்து எங்கும் போனதில்லை.

விமானத்தை விட்டு இறங்கினால் நான்கு பக்கமும் கடல். சோதனை செய்கிற அதிகாரி எங்கள் பையைத் திறந்து அரிசி, பருப்பு, கொள்ளுப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தார். கடைசியில் பெட்டியைத் தூக்கினார். வீட்டுக்காரருக்கு ஆங்கிலம் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. "தண்ணிக்குள்ள படம் எடுக்கறதுங்க" என்று தமிழிலேயே சொல்லி, மூக்கைப் பிடித்து முங்கிக் காட்டினார். தண்ணீரில் இறங்காத மனுஷன் அவ்வளவு அழகாக முங்கிக் காட்டியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதிகாரியும் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

தீவுக்கு அழைத்துப்போகப் படகோடு வந்தவர் இப்ராகிம். விடுதிக்கு மெக்கானிக்கும் அவர்தான், படகோட்டியும் அவர்தான். என் வயதுதான் இருக்கும். வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரத்தில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறார், அதனால் மலையாளம் வரும். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவளுக்கு மலையாளம் காதில் விழாமல் இருக்குமா? அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன். படகுக்கு அவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போயிற்று.

வீட்டுக்காரருக்குப் போகவில்லை. தோணியின் நடுவே இருந்த கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடியவர்தான். பாதி வழியில் இஞ்சின் இருமி நின்றுவிட்டது. சுற்றிலும் ஒரு மேடு தெரியவில்லை. நான் மாசாணியம்மனைக் கூப்பிட்டேன். அவர் கண்ணைத் திறந்தார். கம்பத்தை விட்டுவிட்டு இஞ்சினிடம் தவழ்ந்தே போய்க் காதை வைத்துப் பார்த்தார்.

"டீசல் லைன்ல காத்துப் புடிச்சிருக்குது" என்றார்.

நட்டைத் தளர்த்திக் கையால் டீசலை அடித்தார். நுரை நுரையாகக் காற்று வெளியேறி, சுத்தமான டீசல் வந்ததும் நட்டை இறுக்கினார். இஞ்சின் ஓடியது. "எதுக்குள்ளயும் காத்து மட்டும் இருக்கப்படாது. காத்துதான் எமன்" என்று இப்ராகிமிடம் சொன்னார். நான் மலையாளத்தில் எடுத்துச் சொன்னேன். இப்ராகிம் பயபக்தியோடு தலையை ஆட்டினார். சொல்லி முடித்ததும் வீட்டுக்காரர் மறுபடியும் போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலைச் சாப்பாடு, துருவிய தேங்காயில் மாசிக் கருவாடும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்து, கூடவே ரொட்டி. எனக்குப் பிடித்துவிட்டது. இன்றைக்கும் எங்காவது மாசி வாசம் அடித்தால் அந்தத் தீவுதான் நினைவுக்கு வருகிறது. அவர் வெறும் ரொட்டியைக் கொள்ளுப்பொடியில் தொட்டுத் தின்றார். மதியம் நான் விடுதி அடுப்பில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, நம்மூர்ப்படி அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறு ஆக்கினேன். இப்ராகிம் மூன்று தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம், "மீன் போட மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

எரிந்த மோட்டாரைப் பிரித்ததும் வீட்டுக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "எறக்கறதுக்கு முன்னால உள்ள தண்ணி நெறச்சீங்களா?" என்று கேட்டார்.

"மோட்டாருக்குள் தண்ணீரா?" இப்ராகிம் பயந்துபோனார். "தண்ணீர் போய்விடக் கூடாது என்று நான் துடைத்தல்லவா இறக்கினேன்!"

கோயமுத்தூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இந்த மோட்டாருக்குள் நல்ல தண்ணீரை நிரப்பித்தான் இறக்க வேண்டும். தண்ணீர்தான் அதைச் சூடேறாமல் காக்கும். காற்று நின்றால் எரிந்துபோகும். கேபிளோடு அனுப்பிய காகிதத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது, ஆனால் அதை அந்தத் தீவில் யார் படிப்பார்கள்? வீட்டுக்காரர் கோபப்படவில்லை. புது மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். பிளக்கைக் கழற்று. வடிகட்டிய நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்று. சாய்த்துச் சாய்த்து ஆட்டு, ஒளிந்திருக்கிற குமிழி எல்லாம் வெளியே வரட்டும். தளும்பியதும் பிளக்கை இறுக்கு. இப்ராகிம் அதைத் திருப்பித் திருப்பிச் செய்து காட்டினார். மோட்டார் இறங்கியது, தண்ணீர் மேலே ஏறியது. வீட்டுக்காரர் முகத்தில் இத்தனை நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு வந்தது.

வெயில் சாய்வதற்குள் கடலுக்குப் போனோம். அந்த ஊர்ப் பெண்கள் உடுத்திய துணியோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. சிவப்புச் சுடிதாரோடு இறங்கினேன். விடுதியில் கொடுத்த முகக் கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் மாட்டிக்கொண்டு முங்கினேன். எத்தனை வருஷம்! காது அடைத்துக்கொண்டு, மேலே இருக்கிற ஊர் உலகம் எல்லாம் அறுந்து போகிற அந்த ஒரு நொடி அப்படியே இருந்தது. கை கால் எதையும் மறக்கவில்லை. எனக்கு உள்ளே அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

மேலே வந்தபோது அவர் படகுத்துறைப் பலகையில் நடுவாக உட்கார்ந்திருந்தார். "இருக்கியா?" என்றார். "இருக்கறனுங்க" என்றேன். பெட்டியை நீட்டினார்.

பெட்டி முங்க மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் அமுக்கினால் என்னையும் சேர்த்துத் தூக்கியது.

"கெணத்துல நின்னுச்சே!" என்று கத்தினார். பிறகு தலையில் தட்டிக்கொண்டார். "அட, உப்புத் தண்ணிக்குக் கனம் சாஸ்தியல்லோ! கெணத்துத் தண்ணிக்கு எடை பாத்துப்போட்டு வந்துட்டன்."

இப்ராகிம் கரையிலிருந்து, "ஏன் மேலேயே வருகிறது?" என்று கேட்டார்.

"உள்ள இருக்கற காத்துத் தூக்குது. நாளைக்கு எடை கட்டோணும்" என்றார் வீட்டுக்காரர். நான் தண்ணீருக்குள் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தேன். அதை மலையாளத்தில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. காற்று என்ற வார்த்தை மட்டும்தான் இப்ராகிமுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எப்படியோ சில படங்கள் எடுத்தேன். நான் பட்டனை அழுத்த, கேமரா யோசித்து முடிப்பதற்குள் மீன் போய்விடும். வால்தான் விழும். பவளப் பாறை ஏதோ மங்கலாக, தூரத்தில். தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகவும் பக்கத்திலும் தெரிகிறது, படத்தில் பார்த்தால் கடுகு அளவு. கையெட்டும் தூரத்துக்குப் போனால்தான் மீன் மீனாக விழும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆழத்தில் எடுத்த ஒன்றில் என் சிவப்புச் சுடிதார்க் கை பழுப்பாகிக் கிடந்தது. சிவப்பைத்தான் கடல் முதலில் தின்கிறது.

அவர் துண்டைத் தலைமேல் போட்டு, நிழலில் திரையைப் பார்த்தார்.

"இதென்ன?"

"மீனுங்க."

"எங்க?"

"போயிருச்சுங்க."

ஒவ்வொன்றையும் பார்த்தார். கடைசியில், "பரவால்ல அம்மிணி. நாளைக்குப் பொழுதிருக்குது" என்றார். ஆனால் அவர் இன்னும் எதையும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் மத்தியானம் எங்களுக்குத் தோணி.

அன்றைக்கே பேட்டரி மாற்றி, புதிதாக அரிசி வறுத்து முடிந்து போட்டு, ஓ ரிங்கைத் துடைத்து, பெட்டியை அவர் கையாலேயே முடுக்கி, காலையில் எடை கட்ட வசதியாக இப்ராகிமின் சாமான் அறையில் வைத்தார். காலையில் எழுந்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மீனைத் துரத்தக் கூடாது. ஒரு பாறை ஓரமாக அசையாமல் கிடக்க வேண்டும். அதுவே பக்கத்தில் வரும். வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பட்டனை அழுத்திவிட வேண்டும்.

காலையில் படகுத்துறைக்குப் போனால் இப்ராகிம் எங்களுக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார். பெட்டியைத் தானே தூக்கி வந்து வைத்திருந்தார். முகமெல்லாம் பல்.

"முதலாளி, ஒரு குமிழிகூட இல்லை. நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டேன். இனிமேல் மேலே வராது" என்றார்.

பெட்டி தளும்பத் தளும்பத் தண்ணீர். நடுவே கேமரா. அரிசி முடிச்சு ஊறிப் பெருத்து, ஒரு மூலையில் கிடந்தது.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து இப்ராகிமைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்று கேட்டார்.

நான் மலையாளத்தில் கேட்டேன். "நல்ல தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர். துணியில் வடிகட்டினேன்" என்றார் இப்ராகிம்.

வீட்டுக்காரர் அவர் தோளில் கையை வைத்தார். "சொல்லிக் குடுத்தாப்பலயே செஞ்சிருக்கற சாமி" என்றார். அவ்வளவுதான். அப்புறம் பிளக்கைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். கேமராவை எடுத்துத் துண்டில் சுற்றினார். அது அதற்குப் பிறகு கண் திறக்கவே இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் இப்ராகிமுக்கு விஷயம் புரிந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், அவரை என்ன சொல்ல முடியும்?

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கேமராவை நினைத்து இல்லை. நாத்தனார் மகனிடம் எப்படியாவது பேசிக்கொள்ளலாம். ஊருக்குப் போனால் மறுபடியும் லேத்து, சீல், கிணற்று மேடு, இரண்டடி தள்ளி நிற்கிற மனுஷன். அவர் ஒருநாளும் இதைப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்ததும் தாங்கவில்லை.

"அந்தக் கண்ணாடியக் குடு" என்றார்.

என் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன்.

"மூஞ்சிக்கு மாட்டற கண்ணாடி, புள்ள. குடு."

பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். எதற்குச் சுருட்டினாரோ, தண்ணீர் மார்பளவு. இரும்பு ஏணியில் ஒரு காலை வைத்து, அப்படியே நின்றார். நான் முன்னால் இறங்கி, கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. கால் மணலில் பட்டதும் பெரிதாக மூச்சுவிட்டார். மூச்சுக் குழாயை வாயில் வைப்பதற்கு முன்னால் திருப்பிப் பார்த்தார்.

"காத்து உள்ள வரோணுமா, வெளிய போகோணுமா?"

"ரெண்டுமுங்க" என்றேன்.

முதல் தடவை முகத்தை அமுக்கியதுமே புரையேறி, இருமிக்கொண்டு எழுந்தார். கண் சிவந்துவிட்டது. போதும் வாங்க என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்து அமுக்கியவர் எடுக்கவில்லை.

இப்ராகிம் நீட்டிய இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் பக்கத்தில் முங்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவர் கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன் கூட்டம் அவர் வயிற்றை ஒட்டிப் போயிற்று. அவர் நகரவில்லை. பச்சையும் ஊதாவுமாக ஒரு கிளிமீன் பாறையைக் கடித்தது. கடிக்கிற சத்தம் கேட்டது. அவர் தலையைச் சாய்த்து, பேரிங் சத்தத்தைக் கேட்பதுபோல அதைக் கேட்டார். ஒவ்வொரு மீனுக்கும் என் கையை ஒரு அழுத்து அழுத்தினார்.

நெடுநேரம் கழித்து எழுந்தார். மூக்கிலும் மீசையிலும் தண்ணீர் ஒழுகியது. குழாயை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏம்புள்ள, இத்தனையும் உட்டுப்போட்டா, என்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டு இத்தன வருசம் கரையிலயே உக்காந்திருந்தே?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த விரல்களை மெதுவாக விட்டார். விட்ட கை ஏணியைத் தேடிப் போகவில்லை.

"போயிட்டு வா கண்ணு. நானு இங்கயே நிக்கறன்."

மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினேன். மணல் சரிந்து நீலமாகிற இடம்வரை போய், திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் தண்ணீருக்குள் இருந்தது. அத்தனை மீன்களுக்கு நடுவே, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.